பத்துக் கற்பனை மர ஃபிரேம்: ஒரு "யா" காணோம், மூணு ஸ்டார்

வாங்கி மூணு மாசம் ஆச்சு, இப்பதான் ரிவ்யூ போடுறேன். பைபிள்ல யாத்திராகமம் 20ல இருக்கற பத்துக் கற்பனையையும் (கடவுள் மோசேகிட்ட குடுத்த பத்துக் கட்டளை) லேசர்ல செதுக்கின மர ஃபிரேம், 18க்கு 12 இன்ச், கூரியரோட சேத்து 1,450 ரூவா. கிறிஸ்தவ பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் கடை, பேர் வேண்டாம். பேக்கிங் சூப்பர், ரெண்டு சுத்து பபிள் ஷீட், மூலைக்கு தெர்மாகோல், ஒரு கீறல் இல்ல. எழுத்து நல்ல ஆழம், எங்கம்மா கண்ணாடி போடாமலே சோஃபால உக்காந்து சத்தமா வாசிச்சாங்க, வாசிச்சிட்டே வந்தவங்க எட்டாவதுல நின்னுட்டாங்க. "ஏம்ப்பா, இதுல களவு செய்யச் சொல்லிருக்கே?"

போய் பாத்தா உண்மைதான். "களவு செய்யாதிருப்பாயாக"னு இருக்கணும், நடுவுல ஒரு "யா" விழுந்துபோய் "களவு செய்திருப்பாயாக"னு அழகா செதுக்கி பாலிஷ் போட்டு அனுப்பிருக்காங்க. 1631ல லண்டன்ல அடிச்ச ஒரு பைபிள்ல விபசாரம் பத்தின கற்பனைல "நாட்" (not)ங்கற வார்த்தை விட்டுப்போய் அந்த பிரிண்டர்ங்களுக்கு 300 பவுண்டு அபராதம் போட்டாங்க. அவங்களுக்காவது ஒரு முழு வார்த்தை போச்சு, நமக்கு ஒரு எழுத்து போனதுக்கே திருட லைசென்ஸ் கிடைச்சிடுச்சு. என் பொண்ணு ஏற்கனவே "கற்பனைன்னா இமாஜினேஷன் தானப்பா, அப்ப பத்தும் இமாஜினேஷனா"னு கேட்டு வச்சிருந்தா, இது வேற.

இன்னொரு விஷயம், இது கடையோட தப்பு இல்ல, ஆனா வாங்கறவங்க தெரிஞ்சிக்கணும், நம்பர். நான் தரங்கம்பாடி பக்கம், 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து எறங்கின ஊரு, நாங்க லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழி வந்த சபை). வீட்டுக்காரங்க திருநெல்வேலி சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). எங்க ஞானோபதேசத்துல (சபைல மனப்பாடம் பண்ற கேள்வி-பதில் பாடம்) கொலை அஞ்சாவது, களவு ஏழாவது, பொய்ச்சாட்சி எட்டாவது, ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) காரங்களுக்கும் அப்படித்தான். விக்கிரகம், எந்த உருவமும் செய்யக்கூடாதுங்கறத நாங்க மொதல் கற்பனையோட சேத்துருவோம், கடைசில இச்சிக்காதேங்கறத ரெண்டா பிரிச்சிப்போம். சிஎஸ்ஐல விக்கிரகம் தனியா ரெண்டாவது, அதனால அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணு ஒண்ணு தள்ளிப்போகும். இந்த ஃபிரேம் சிஎஸ்ஐ நம்பர், அதனால வீட்ல மாமியார் கட்சி ஜெயிச்சிடுச்சு. அந்த ரெண்டாவதுக்கு நேர் மேலயே மோசே படத்த பெருசா செதுக்கிருக்காங்க, அத பத்தி நான் எதுவும் சொல்லல.

இதெல்லாம் செவுத்துல மாட்டி என்ன ஆகப்போகுதுனு கேக்கறவங்க இருக்காங்க. எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் வந்து பாத்துட்டு "தம்பி நாம நியாயப்பிரமாணத்துக்கு கீழ இல்ல, கிருபைக்கு கீழ இருக்கோம், ரோமர் 6:14"னு ஆரம்பிச்சிட்டாரு (நியாயப்பிரமாணம்னா மோசே மூலமா வந்த சட்டம், இந்தப் பத்தும் அதுல அடக்கம்). சரிண்ணே, கற்பனைய கைக்கொண்டு யாரும் ரட்சிக்கப்பட போறதில்ல, அதே ரோமர்ல 3:20ல நியாயப்பிரமாணத்தால பாவத்த அறியற அறிவு வருதுனும் இருக்குல்ல. சுகர் டெஸ்ட் எடுத்தா சுகர் கொறையாதுதான், அதுக்காக டெஸ்டே வேணாம்னு சொல்லிட்டு கேசரி திங்கற ஆளுங்க நம்ம குடும்பத்துலயே இல்லயா.

செவுத்துல மாட்டினது எனக்கு எங்க வேல செஞ்சதுன்னா, இந்த ரிவ்யூ விஷயத்துலயே தாங்க. மொத நாள் வந்த கோவத்துல ஒரு ஸ்டார் போட்டு, "தேக்குன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க, சாதா பலகைக்கு சாயம் அடிச்சி அனுப்பிருக்காங்க, பிராடு கடை"னு மடமடன்னு டைப் பண்ணிட்டேன். வீட்டுக்காரங்க எட்டிப்பாத்து "ஏங்க, அது தேக்கு இல்லனு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னாங்க. தெரியாது. எழுத்து தப்பா இருந்துச்சு, அதனால மரமும் தப்பாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டது. பக்கத்து தெரு ஆசாரிகிட்ட காட்டினா சுரண்டிப் பாத்துட்டு "தேக்குதான் தம்பி, பின்னாடி அட்டை மட்டும் பிளைவுட்"ங்கறாரு. பொய்ச்சாட்சின்னா கோர்ட்ல கூண்டுல ஏறி சொல்றதுனுதான் நான் நெனச்சிருந்தேன். ஆனா சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின லுத்தரோட விளக்கத்துல அயலான் பேர கெடுக்காம, அவனுக்காக பரிஞ்சு பேசி, அவன் செய்றத நல்லவிதமா எடுத்துக்கணும்னு வரும், அப்ப பரிசுக்காக ஒப்பிச்சது, நாப்பது வயசுக்கு மேல ஒரு ஃபிரேம் விஷயத்துல வந்து குத்துது. அழிச்சிட்டேன்.

அப்புறம் கடைக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு பதில், சாரி பிரதர், அஞ்சு ஸ்டார் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க, புது பீஸ் ஃப்ரீயா அனுப்பறோம், பழசையும் நீங்களே வச்சிக்கோங்க. சத்தியமா ஒரு நிமிஷம் ஆச வந்துச்சு, பழசுல ஒரு எழுத்துதான தப்பு, தங்கச்சி வீட்டுக்கு குடுத்துரலாமேன்னு. ஃபோன கைல வச்சிட்டு நிமிந்து பாத்தா ஒன்பதாவது, பொய்ச்சாட்சி சொல்லாதேங்கறது, நேரா கண்ணு முன்னாடி நிக்குது. (எங்க கணக்குல எட்டாவது.) "அஞ்சு போட முடியாது பிரதர், தப்பு இருக்கு, மாத்தி குடுத்தா மாத்தி குடுத்தீங்கனும் சேத்து எழுதறேன்"னு சொன்னேன். அதுல இருந்து ப்ளூ டிக் மட்டும்தான்.

ஞாயித்துக்கிழம ஓய்வுநாள் அன்னைக்கு பொண்ணு டியூஷன் போறாளே அது என்ன கணக்குனு அம்மா கேட்டுட்டே இருக்காங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மரம், எழுத்தோட ஆழம், பேக்கிங் மூணுக்கும் மூணு ஸ்டார். ஆர்டர் பண்றவங்க செதுக்கறதுக்கு முன்னாடி டிசைன அனுப்பச் சொல்லி ஒவ்வொரு எழுத்தா படிச்சுப் பாருங்க, உங்க சபை நம்பர் எதுன்னும் சொல்லிருங்க. எங்க வீட்ல இப்ப அந்த எடத்துல பொண்ணு ஒரு துண்டு பேப்பர்ல "யா"னு ஸ்கெட்ச் பேனால எழுதி செல்லோ டேப்ல ஒட்டிருக்கா. ஃபேன் போட்டா பறக்குது, ஃபேன ஆஃப் பண்ணாதான் களவு தப்பு.