பட்டன் போன ஷஃபிள், பட்டன் திரும்பிய ஷஃபிள்

ஐபாட் ஷஃபிள் என்பது ஆப்பிளின் திரையில்லாத குட்டிப் பாட்டுக் கருவி. 2009 மார்ச்சில் வந்த அதன் மூன்றாம் தலைமுறையைக் கையில் வாங்கும் யாரும் முதலில் அதைத் திருப்பித் திருப்பித்தான் பார்ப்பார்கள். முன்பக்கம் வழவழ அலுமினியம், பின்பக்கம் எஃகு கிளிப், பக்கவாட்டில் ஒன்றுமில்லை. உயரம் 45.2 மி.மீ., அகலம் 17.5 மி.மீ., தடிமன் 7.8 மி.மீ., எடை 10.7 கிராம். மேல்முனையில் இயர்போன் ஜாக், கடுகளவு விளக்கு ஒன்று, மூன்று நிலைகளில் நகரும் ஸ்விட்ச் ஒன்று. ஒரு நிலையில் அணையும், அடுத்ததில் வரிசையாகப் பாடும், இன்னொன்றில் கலைத்துப் பாடும். பாட்டை நிறுத்தவோ தாண்டவோ சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ உடம்பில் ஒரு பட்டன்கூடக் கிடையாது.

எல்லாம் இயர்போன் ஒயருக்குக் குடிபோயிருந்தன. வலது காதுக்குப் போகும் ஒயரில் மூன்று பட்டன் கொண்ட ரிமோட். மேலே இருப்பது சத்தம் கூட்ட, கீழே இருப்பது குறைக்க. மீதி வேலை முழுவதும் நடுப் பட்டனின் தலையில். ஒரு அழுத்து அழுத்தினால் பாடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இரண்டு அழுத்து அடுத்த பாட்டு. மூன்று அழுத்து முந்தைய பாட்டு, ஆனால் பாட்டு தொடங்கிய 6 விநாடிக்குள் அழுத்தினால்தான். அதைத் தாண்டிவிட்டால் அதே பாட்டு முதலிலிருந்து பாடும். இரண்டு அழுத்தி இரண்டாவதை விடாமல் பிடித்தால் பாட்டு முன்னால் ஓடும், மூன்று அழுத்திப் பிடித்தால் பின்னால் ஓடும். ஒரே அழுத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தால் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஒரு குரல் சொல்லும். அப்போதும் விடாமல் பிடித்து, 'டொய்ங்' என்ற ஓசை வந்ததும் விட்டால் ப்ளேலிஸ்ட்களின் பெயர்கள் வரிசையாக வரும். வேண்டியது காதில் விழும்போது ஒரு அழுத்து.

படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் அரை மணி நேரத்தில் பழகியும் விடும். நடக்கும்போதுதான் சிக்கல். இரண்டு அழுத்துக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினால் ஷஃபிள் அதை இரண்டு தனி அழுத்தாக எடுத்துக்கொள்ளும். பாட்டு நின்று மறுபடி ஓடும், அடுத்ததற்குப் போகாது. மூன்று அழுத்தில் ஒன்று பதியாமல் போனால் பின்னால் போக வேண்டியது முன்னால் போகும். ஐந்து பாட்டு தாண்ட வேண்டுமென்றால் பத்து அழுத்து, அதுவும் ஜோடி ஜோடியாக. ரிமோட் தாடைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருப்பதால் ஒரு விரலால் அழுத்த முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு பிடிக்கும் ஒயர் இழுபட்டு இயர்போன் காதிலிருந்து கொஞ்சம் நழுவும்.

இதற்கு முந்தைய 2006 ஷஃபிளை நினைத்துப் பார்த்தால் எரிச்சல் கூடும். 41.2 மி.மீ.க்கு 27.3 மி.மீ. அளவு, 15.6 கிராம், முன்பக்கத்தில் வட்டமாக ஒரு பட்டன் தட்டு. நடுவே பாடு-நிறுத்து, மேலும் கீழும் சத்தம், இடமும் வலமும் பாட்டு. சட்டைக்கு வெளியிலிருந்தே தடவிக் கண்டுபிடிக்கலாம். ஐந்து கிராம் குறைப்பதற்காக இதை விட்டுக்கொடுத்ததை மெலிவு என்று சொல்ல முடியவில்லை.

கையாளுவது சிரமம் என்பதோடு போயிருந்தால்கூட மன்னித்துவிடலாம். பெரிய கோளாறு வேறு இடத்தில். எந்த இசைக்கருவியிலும் முதலில் சாகும் உறுப்பு இயர்போன். ஜாக்குக்குப் பக்கத்தில் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே செம்பு இழை அறுந்து ஒரு காது மௌனமாகிவிடும். மற்ற பிளேயர்களுக்குக் கைக்குக் கிடைத்த இன்னொரு இயர்போனைக் குத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த ஷஃபிளில் சாதாரண இயர்போனைக் குத்தினால் பாடும், ஆனால் சத்தமும் மாறாது, பாட்டும் தாண்டாது. உங்களிடம் எவ்வளவு உயர்ந்த ஹெட்போன் இருந்தாலும் இதே கதிதான். காரின் ஆக்ஸ் ஒயரில் இணைத்தாலும், வீட்டு ஆம்ப்ளிஃபையரில் இணைத்தாலும், கருவி கைகட்டப்பட்டதுபோல் வரிசையாகப் பாடிக்கொண்டிருக்கும். 79 டாலர் கருவிக்கு, ரிமோட் உள்ள ஆப்பிள் இயர்போன் இன்னொன்று அப்போது 29 டாலர்.

ரிமோட்டுக்குள் ஒரு கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது. சத்தம் கூட்டும் குறைக்கும் சமிக்ஞைகள் அதன் வழியாகவே போகின்றன. கருவி வெளிவந்த வாரத்தில் இது ஒரு பூட்டு, வேறு நிறுவன இயர்போன்களைத் தடுக்கவே வைத்தது என்று பெரிய சண்டை நடந்தது. குறியாக்கம் எதுவும் அதில் இல்லை என்று பிறகு தெளிவானது. ஆனாலும் மற்ற நிறுவனங்கள் அந்தச் சிப்பை ஆப்பிளின் உரிமத் திட்டத்துக்குள் வந்துதான் வாங்க வேண்டியிருந்தது. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான்: பெட்டிக்கடை இயர்போன் உதவாது. ஆண்ட்ராய்டு போனோடு வந்த ஹெட்செட்டில் மூன்று பட்டன் இருக்கிறதே என்று நம்பி வாங்கவும் வேண்டாம்; அதன் சத்தப் பட்டன்கள் வேறு முறையில் பேசுபவை.

மாற்றாக வந்தவை இரண்டு வகை. பெல்கின், இயர்போனுக்கும் ஷஃபிளுக்கும் இடையில் செருகும் ரிமோட் அடாப்டர் கொண்டுவந்தது. அதை வைத்தால் நம் ஹெட்போனையே பயன்படுத்தலாம், ஒயர்தான் இன்னும் நீளும். ஸ்காஷ் நிறுவனத்தின் டேப்ஸ்டிக் இன்னும் வேடிக்கை: ஷஃபிளின் மேல் மாட்டும் உறை, அந்த உறையின் உடம்பில் பட்டன்கள். ஆப்பிள் எடுத்த பட்டனை இன்னொருவர் காசு வாங்கிக்கொண்டு திருப்பி ஒட்டிக் கொடுத்தார்.

வியர்வை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கிளிப் வைத்த, பத்து கிராம் கருவியை வாங்குபவர்களில் பலர் ஓடுபவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். அவர்களிடமிருந்தே அதிகம் வந்த புகார் இது: கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாக ஏறுகிறது, பாட்டு தானாகத் தாண்டுகிறது, நின்றுபோகிறது. காதோரம் வழியும் வியர்வை ஒயரைப் பிடித்துக்கொண்டு இறங்கி நேராக ரிமோட்டின் இடுக்கில் புகுகிறது. உள்ளே தொடுமுனைகள் ஈரத்தால் இணைந்துவிட்டால் யாரோ பட்டனை அழுத்தியதாகவே கருவி நினைக்கும். துடைத்துக் காயவைத்தால் சில ரிமோட்டுகள் பிழைக்கும். உப்பு படிந்துவிட்டால் பிழைக்காது.

இத்தனைக்கும் நடுவே இந்தக் கருவி ஒரு விஷயத்தில் முன்னோடி. திரை இல்லாத ஐபாட் பாட்டின் பெயரைத் தானே சொன்னது இதில்தான்; வாய்ஸ்ஓவர் என்று பெயர். குரலை ஷஃபிள் உருவாக்குவதில்லை. பாட்டு ஏற்றும்போது கணினியில் ஐட்யூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருள் ஒவ்வொரு பெயரையும் சின்ன ஒலித்துண்டாக்கிக் கூடவே அனுப்பிவிடுகிறது. அதனால்தான் மேக்கில் ஏற்றினால் ஒரு குரல், விண்டோஸில் ஏற்றினால் வேறொரு குரல். பார்வையற்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்தபோது 14 மொழிகள்; தமிழ் அதில் இல்லை. தமிழ்ப் பாட்டு கேட்பவர்கள் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தால் ஆங்கிலக் குரல் அதைக் கடித்துத் துப்பும். இணையத்தில் இறக்கிய எம்பி3 என்றால் இன்னும் சிரிப்பு: பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கிய தளத்தின் முகவரி இருக்கும், குரல் அதையும் பயபக்தியோடு டாட் காம் வரை வாசிக்கும். ஏற்றுவதற்கு முன் பெயர், பாடியவர் என்ற இரண்டு கட்டங்களையும் சுத்தம் செய்துவிடுங்கள். ஒரு பாட்டுக்கு எந்த மொழிக் குரல் வேண்டும் என்பதை ஐட்யூன்ஸில் அந்தப் பாட்டின் தகவல் பெட்டியிலேயே மாற்றலாம்.

2010 செப்டம்பர் 1 அன்று நான்காம் தலைமுறை வந்தது. பட்டன்களை மக்கள் தேடினார்கள் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். விலை 49 டாலர், கொள்ளளவு 2 ஜிபி, அகலம் 31.6 மி.மீ., உயரம் 29 மி.மீ., கிளிப்போடு தடிமன் 8.7 மி.மீ., எடை 12.5 கிராம். முந்தையதைவிட இரண்டு கிராம்கூட முழுதாக ஏறவில்லை. பேட்டரி 10 மணி நேரத்திலிருந்து 15 மணி நேரமானது. அப்படியென்றால் பட்டனை எடுத்தது எதற்காக என்ற கேள்விக்கு இந்த எண்களே பதில்.

முன்முகம் முழுவதையும் வட்டத் தட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. தட்டின் விளிம்பு விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. நடுப் பட்டனைத் தொட்டுவிட்டால் மற்ற நான்கும் தானாகப் புரியும். மேலே ஸ்விட்சுக்கும் ஜாக்குக்கும் நடுவில் வாய்ஸ்ஓவருக்குத் தனிப் பட்டன். ஒரு அழுத்து பாட்டின் பெயர், இரண்டு அழுத்து பேட்டரி நிலை, அழுத்திப் பிடித்தால் ப்ளேலிஸ்ட்கள். 2009-இன் நல்ல யோசனையை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் கழித்த வேலை இது. எந்த இயர்போனும் போடலாம். ரிமோட் உள்ள ஆப்பிள் இயர்போன் இருந்தால் அதுவும் வேலை செய்யும். குறை என்றால் 2 ஜிபிதான். 2009 மார்ச்சில் வந்தது 4 ஜிபி.

அதே மேடையில் அதே நாளில் திரையுள்ள இன்னொரு சிறு ஐபாடான நானோவின் ஆறாம் தலைமுறையில், விரலால் சுற்றிப் பாட்டு தேடும் சக்கரத்தைப் பிடுங்கினார்கள் என்பது வேடிக்கை. 1.54 அங்குலத் தொடுதிரை, சத்தத்துக்கும் திரையை அணைத்து எழுப்பவும் மட்டும் பட்டன். திரையைப் பார்க்காமல் சட்டைப்பைக்குள்ளிருந்து பாட்டை மாற்ற வழியில்லை என்று வந்த விமர்சனம் நியாயமானது. பலர் அதற்குப் பட்டை கட்டிக் கைக்கடிகாரமாக்கிவிட்டார்கள், அதுவாக அது நன்றாகவே இருந்தது. 2012-இல் வந்த ஏழாம் தலைமுறையில் பக்கவாட்டுச் சத்தப் பட்டன்களுக்கு நடுவே பாடு-நிறுத்துப் பட்டன் ஒன்று முளைத்தது: ஒரு அழுத்து நிறுத்த, இரண்டு அழுத்து அடுத்தது, மூன்று அழுத்து முந்தையது. இதற்கெல்லாம் முன்பு, 2003-இன் மூன்றாம் தலைமுறை ஐபாடிலும் இதே சங்கதி. சக்கரத்தைச் சுற்றி இருந்த பட்டன்களைத் திரைக்குக் கீழே அழுந்தாத தொடு பட்டன்களாக வரிசைப்படுத்தினார்கள். 2004-இல் ஐபாட் மினியோடு வந்த கிளிக் வீல் அவற்றை மீண்டும் சக்கரத்துக்குள்ளேயே, அழுந்தும்படி கொண்டுவந்தது.

ஷஃபிளும் நானோவும் 2017 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டன. இப்போது வாங்குவதென்றால் பழையதுதான், வாங்கலாம் என்றால் 2010 வடிவம்தான். 2009 மாதிரியை வேலை செய்யும் ரிமோட் இயர்போன் கையில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். புதிதாகவே வேண்டும், பட்டனும் வேண்டும் என்பவர்களுக்கு சோனியின் என்டபிள்யூ-ஏ306 வாக்மேன் இருக்கிறது. 3.6 அங்குலத் தொடுதிரைக் கருவிதான், ஆனால் சத்தம், பாடு-நிறுத்து, முன்-பின், கைபட்டு மாறாமலிருக்கத் தனி ஸ்விட்ச் எல்லாம் பக்கவாட்டில் நிஜமாகவே உண்டு. எடை 113 கிராம்; சட்டைக் காலரில் மாட்டும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

பழைய ஷஃபிளைப் பார்க்கப் போகும்போது உங்கள் இயர்போனையும் லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள். இதில் ஒரே 3.5 மி.மீ. ஜாக்தான் பாட்டுக்கும் சார்ஜுக்கும் கணினிக்கும். இயர்போனைக் குத்தி லேசாகச் சுழற்றும்போது கரகரப்பு வந்தால் சார்ஜ் ஏறுவதிலும் தகராறு வரும். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை இயர்போன் பின் வடிவம் கொண்ட குட்டையான கேபிள் கூட வருகிறதா என்று கேளுங்கள். பின்னில் மூன்று வளையம் இருக்க வேண்டும். அடிவரை அழுத்திச் செருகாவிட்டால் கணினி கண்டுகொள்ளாது. சார்ஜ் முழுதாக ஏற சுமார் 3 மணி நேரம் ஆகும், ஆகவே விற்பவரை முன்கூட்டியே ஏற்றி வைக்கச் சொல்லிவிடுங்கள். ஸ்விட்சை மூன்று நிலைக்கும் நகர்த்தி, பாடும் இரண்டிலும் ஒரு பாட்டு கேளுங்கள், மூன்றாவதில் அணைகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் ஐட்யூன்ஸ், 2019-இல் வந்த கேடலினாவோ அதற்குப் பிந்தைய இயங்குதளமோ உள்ள மேக்கில் ஃபைண்டர் வழியாகப் பாட்டு ஏற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினியின் பாட்டுத் தொகுப்போடுதான் இணையும், இன்னொன்றின் தொகுப்புக்கு மாற்றினால் பழைய பாட்டெல்லாம் அழிந்துபோகும்.

பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை என்று சொல்லி யாராவது 2010 ஷஃபிளை மலிவாகத் தள்ளப் பார்த்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். நடுப் பட்டனை விளக்கு பச்சையாக மூன்று முறை சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். பைக்குள் கிடந்து பூட்டிக்கொண்டதாக இருந்தால் அதிலேயே திறந்துவிடும்.