நெடும்பயண பைக்கில் அதிவேக உதறல்: ஹேண்டிலில் தெரிந்த கோளாறு பின்சக்கரத்தில் இருந்தது

இந்த வண்டியை ஏழு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன்; ஓடோமீட்டர் 64,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இரண்டு பேரும் மூன்று பெட்டிச் சுமையுமாக நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் போவதற்காகவே வாங்கிய வண்டி என்பதால், அந்த நிலையில் அது நிதானம் இழந்தபோது எனக்கு அதன்மீதிருந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. அவற்றில் முதல் மூன்று மாதங்களைத் தவறான இடத்தில் தேடிக் கழித்தேன் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

46,000 கிலோமீட்டர் வாக்கில், ஒரு லாரியைக் கடந்து அதன் காற்று மறைவிலிருந்து வெளியே வந்த நொடியில், மணிக்கு 115 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. கைகள் தாமாகவே இறுகின. இறுகப் பிடிக்கப் பிடிக்க உதறல் கூடியது. முழங்கால்களால் டேங்க்கை அழுத்திக்கொண்டு, உடலைச் சற்று முன்னால் சாய்த்து, பிடியைத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறைத்தேன். முன் பிரேக்கைத் தொடவில்லை. 100-க்குக் கீழே வந்ததும் அடங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, "ஹேண்டில் ஆடியதா? எனக்கு சீட்தான் பக்கவாட்டில் இழுத்தது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

உதறல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வெவ்வேறு வகைகள் உண்டு. முன்சக்கரமும் அதைத் தாங்கும் ஃபோர்க்கும் மட்டும் ஹேண்டில் கழுத்தை அச்சாகக் கொண்டு வேகமாக ஆடுவது ஒன்று. நொடிக்கு நான்கு முதல் பத்து முறை வரை ஆடும் அது கைகளில் படபடப்பாகத் தெரியும். வண்டி முழுவதும், குறிப்பாகப் பின்பகுதி, பாம்பு நெளிவதுபோல மெதுவாக அலைவது இன்னொன்று. அது நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை வரை இருக்கும், வேகம் கூடக்கூட அடங்காமல் வளரும் இயல்புடையது. இவை தவிர, வேகத்தைக் குறைக்கும்போது 80-க்கும் 60-க்கும் இடையில், கைகளைத் தளர்த்தினால் மட்டும் தெரியும் சிறு நடுக்கம் ஒன்றும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் தேய்ந்த முன் டயரோ தளர்ந்த கழுத்து பேரிங்கோ காரணமாக இருக்கும். எனக்கு வந்தது இரண்டாம் வகை; நானோ முதல் வகை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே முதலில் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். டயர் ஓரங்களில் அலை அலையாகத் தேய்ந்திருந்ததால் புதிதாக மாற்றி, சக்கரத்தை பேலன்சிங் செய்தேன். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, உதறல் போகவில்லை. அடுத்து ஒரு மெக்கானிக் கோன்செட்டை, அதாவது ஹேண்டில் கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் பேரிங்குகளை, நன்றாக இறுக்கிக் கொடுத்தார். அதன் பிறகு வண்டி மெதுவாகப் போகும்போதுகூட நேராக நிற்கவில்லை. இடப்பக்கம் சாயும், திருத்தினால் வலப்பக்கம் போகும், ஒவ்வொரு நொடியும் ஹேண்டிலைத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. கழுத்து தளர்ந்திருந்தால் உதறும் என்பது பலருக்கும் தெரியும். அளவுக்கு மீறி இறுகினாலும் வண்டி தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள முடியாமல் அலையும் என்பதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இந்த இடத்தில் முறையை மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளப்பது, அளந்ததை நோட்டில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். காற்றழுத்தத்திலிருந்து தொடங்கினேன். சுமையுடன் பின் டயருக்கு 42 பி.எஸ்.ஐ. வேண்டும் என்று என் வண்டியின் கையேடு சொல்கிறது. நான் வழக்கமாகக் காற்றடிக்கும் பம்ப்பின் அளவியோ என் கையளவியைவிட நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டியது. 42 என்று நம்பி 38-இல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய கணக்கு. ஓடிவந்த சூட்டில் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும், குறைபாடு மறைந்துவிடும். இதைச் சரிசெய்ததும் உதறல் தொடங்கும் வேகம் 115-இலிருந்து 120-க்குப் போனது. வண்டியில் எங்கோ மிச்சமிருக்கும் தளர்வு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் வெளிப்படுகிறது என்றுதான் அதற்குப் பொருள்.

பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் கீழ் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன், தளர்வு இல்லை. ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பி, விரல் நுனியால் மெல்லத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தபோது, சரியாக நேர்கோட்டில் அது ஒரு குழிக்குள் விழுந்தது போல நின்றது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நேராகவே ஓடி, உருளைகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துத் தளத்தில் தடம் பதித்திருந்தன. தடம் விழுந்த பேரிங்கை எந்த இறுக்கத்தில் வைத்தாலும் சரிவராது, மாற்றத்தான் வேண்டும். மாற்றினேன். குறைந்த வேக அலைச்சல் முற்றிலும் நின்றது. அதிவேக உதறல் நிற்கவில்லை.

அப்போதுதான் மனைவி சொன்னது நினைவுக்கு வந்து, பின்பக்கம் போனேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தபோது, காதுக்கு எட்டுவதற்கு முன் உள்ளங்கைக்கு எட்டும் ஒரு சின்ன 'டக்' தெரிந்தது. அது சக்கர பேரிங்காகவும் இருக்கலாம் என்பதால், சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மை மட்டும் பிடித்து அசைத்தேன். அதே 'டக்'. அந்தக் கை வண்டிச் சட்டத்தோடு கீல்போல இணையும் பிவட்டின் போல்ட்டை உருவியபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பழுப்பு நிறத்தில் துருப்பொடி உதிர்ந்தது. உள்ளே இருந்த எஃகுக் குழாயைத் துடைத்து நகத்தால் வருடினால், மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பேரிங்கின் ஒவ்வொரு ஊசியும் பதித்த கோடு நகத்தில் தட்டியது. அதிக அழுத்தத் தண்ணீரில் பல ஆண்டுகள் வண்டியைக் கழுவியதில் சீல்களைத் தாண்டி ஈரம் புகுந்திருக்க வேண்டும். பிவட்டின் அகலத்தைவிட ஸ்விங்ஆர்மின் நீளம் இரு மடங்குக்கு மேல் என்பதால், பிவட்டில் அரை மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் சக்கரத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேலாகிவிடும். பின்சக்கரம் தன் போக்கில் திரும்பும்போது முன்சக்கரம் அதைத் திருத்த முயல்கிறது; ஓட்டுபவருக்கு அந்தத் திருத்தம்தான் ஹேண்டிலில் தெரிகிறது.

ஊசி பேரிங்குகள், குழாய், சீல்கள் ஆகிய அனைத்தையும் மாற்றினேன். ஷாக் அப்சார்பரையும் அளந்தேன். சக்கரத்தின் மொத்தப் பயணம் 140 மி.மீ.; சுமையுடனும் ஆட்களுடனும் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 45 மி.மீ. அளவுக்கு அமுங்குவது போதும். என் வண்டி 58 மி.மீ. அமுங்கியது, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட்டை முழுவதும் ஏற்றியும் 52-க்குக் குறையவில்லை. சீட்டை அழுத்திவிட்டால் ஒரே மூச்சில் எழுந்து நிற்காமல் மேலும் ஒருமுறை குதித்தது. உள்ளே ஆயில் வலுவிழந்திருந்தது. பிரித்துப் புது ஆயிலும் நைட்ரஜனும் நிரப்பி, எங்கள் சுமைக்கேற்ற ஸ்பிரிங் போட்டதும் 46-இல் நின்றது.

மிச்சம் இருந்தது டாப் பாக்ஸ், அதாவது சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் பொருத்திய பெட்டி. அதில் 12 கிலோ ஏற்றி வந்தேன். அதன் எடை பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் விழுகிறது, சக்கரங்களுக்கு இடைத்தூரம் 150 செ.மீ. நெம்புகோல் கணக்குப்படி அந்தப் பெட்டி முன்சக்கரத்திலிருந்து மூன்று கிலோவுக்கு மேல் எடுத்துவிடுகிறது. உயரத்தில் இருப்பதால் காற்றையும் வாங்குகிறது. பெட்டிகளுடன் ஓட்டும்போது மீறக்கூடாத வேகத்தைத் தயாரிப்பாளர்கள் கையேட்டில் குறிப்பிடுவது இதற்காகத்தான். என்னைப் போலப் பலர் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. இப்போது கருவிகளும் தண்ணீரும் பக்கப் பெட்டிகளின் அடியில், முன்னோக்கி இருக்கின்றன. டாப் பாக்ஸில் மழையுடை மட்டும்.

இடையில், ஹேண்டிலின் திடீர் அசைவைத் தணிக்கும் ஸ்டீயரிங் டாம்பரைப் பொருத்தச் சிலர் அறிவுறுத்தினார்கள். ஹேண்டில் படபடப்பை அது அடக்கும் என்பது உண்மை. ஆனால் வண்டி முழுவதும் அலையும் வகையில், அதிக வேகத்தில் அது அலைவை மோசமாக்கவும் கூடும். என் வண்டியில் அதைப் பொருத்தியிருந்தால் கைக்கு அறிகுறி மறைந்திருக்கும், துருப்பிடித்த பேரிங் உள்ளேயே இருந்திருக்கும். அதனால் மறுத்தேன், இன்றும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

இந்த வேலைகளுக்குப் பிறகு 15,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. முழுச் சுமையுடன், பக்கக் காற்றிலும் லாரிகளைக் கடக்கும்போதும், 120-இல் ஹேண்டில் அசையவில்லை. அதற்கு மேல் சுமையுடன் போவதில்லை. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்விங்ஆர்மை அசைத்துப் பார்க்கிறேன், பிவட்டுக்கு கிரீஸ் வைக்கிறேன், அந்தப் பகுதியில் நீரழுத்தக் குழாயைக் காட்டுவதில்லை. முன் டயர் ஓரங்களில் மறுபடியும் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. சென்ற வாரம் 75-இல் வேகம் குறையும்போது விரல்களைத் தளர்த்தினால் ஒரு மெல்லிய நடுக்கம் தெரிந்தது. நோட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வைத்திருக்கிறேன். புது டயர் போட்டதும் அதே சாலையில், அதே வேகத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.