ஸ்டேக்கும் கிரீம் பாஸ்தாவும்: வார்ப்பிரும்புச் சட்டியோடு பல வருட அனுபவம்

வெள்ளிக்கிழமை ராத்திரி சமையலுக்கு அரை மணி நேரம், மிஞ்சிப் போனால் நாற்பது நிமிடம், அவ்வளவுதான் எங்கள் வீட்டில் கிடைக்கும். இருப்பது டல்லாஸுக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட், அடுப்பு கண்ணாடி மேல்தளம் போட்ட மின்சார அடுப்பு. இந்த நிலையில் நான் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் செய்து வருவது ஸ்டேக்கும் (தடிமனான மாட்டுக்கறித் துண்டை வாட்டுவது), அதே சட்டியில் சாஸ் வைத்துச் செய்யும் கிரீம் பாஸ்தாவும். இதற்கு என்ன சாமான் வாங்கலாம், எது வேண்டாம், எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 12 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று, கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, இந்த இரண்டுக்கும் காசு போடுங்கள். பாட்டிலில் வரும் ஆல்ஃபிரெடோ சாஸுக்கு, அதாவது கிரீமும் சீஸும் சேர்ந்த பாஸ்தா சாஸுக்கு, காசு போடாதீர்கள். ஸ்டேக் வாட்டிய பிறகு சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, சாஸின் ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது, அது எந்த பாட்டிலிலும் வராது.

சட்டியைப் பற்றி. அமெரிக்காவில் வார்ப்பிரும்பு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது லாட்ஜ், டென்னசியில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் 1896 முதல் இருக்கிற வார்ப்படச் சாலை. விலை அதிகமில்லாத இந்தச் சாதாரண ரகமே போதும், மெருகேற்றி வழுவழுப்பாக்கி பல மடங்கு விலைக்கு விற்பவை இந்தச் சமையலுக்குத் தேவையே இல்லை. நம் வீடுகளில் இரும்பு தோசைக்கல்லைப் பழக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் கிடையாது: மெல்லிசாக எண்ணெய் தடவி, நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி, அப்படியே நாள்போக்கில் அந்த எண்ணெய் இறுகி ஒரு கரும்படலமாகச் சட்டியோடு ஒட்டிவிடும். என் சட்டி வந்த புதிதில் சொரசொரப்பாக இருந்தது, இப்போது முட்டைகூட ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. நான்ஸ்டிக் வாங்கினால் நிலைமை தலைகீழ், வாங்கிய நாளில்தான் அது மிகச் சிறப்பாக இருக்கும், பிறகு ஒவ்வொரு வருடமும் இறங்குமுகம். அதோடு நான்ஸ்டிக் பூச்சை 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது, ஸ்டேக் வாட்டும்போது காலிச் சட்டி அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் எடுக்காது.

இதில் கஷ்டங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 12 அங்குலச் சட்டி மூன்றரை கிலோவுக்குக் குறையாது. மணிக்கட்டு வலி உள்ளவர்கள், வயதானவர்கள் 10 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், இரண்டு ஸ்டேக்கை ஒன்றன்பின் ஒன்றாக வாட்டினால் போயிற்று. கைப்பிடியும் அதே இரும்பு என்பதால் அடுப்பில் இருக்கிற நேரம் முழுக்கத் துணியோ உறையோ இல்லாமல் தொடக்கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் கைப்பிடியை உள்பக்கமாகத் திருப்பி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி அடுப்பில் சட்டியை இழுக்கக் கூடாது, கீறல் விழும், தூக்கித்தான் வைக்க வேண்டும். இரும்பு அலுமினியம்போலச் சட்டென்று வெப்பத்தைப் பரப்பாது, நடுவில் ஒரு சூடு ஓரத்தில் ஒரு சூடு என்று நிற்கும். அதனால் மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் காயவிட்டு, நடுவில் ஓரிரு முறை கால் சுற்று திருப்பி வைப்பேன். ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் குளிர்ந்த கறியைப் போட்டாலும் இறங்காமல் தாங்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

கறி வாங்குவதில் என் அனுபவம் இது. அமெரிக்காவில் யுஎஸ்டிஏ (அந்நாட்டு வேளாண்மைத் துறை) தரம் ப்ரைம், சாய்ஸ், செலக்ட் என்று வரும், தசைக்குள் ஓடும் கொழுப்புக் கோடுகளை முக்கியமாகப் பார்த்துத் தருவது. கிரீம் பாஸ்தாவோடு சாப்பிடுவதற்கு ப்ரைம் வேண்டியதில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் தட்டில் ஏற்கெனவே கிரீமும் சீஸும் நிறைய இருக்கின்றன, விலாப் பகுதியிலிருந்து வரும் கொழுப்பு நிறைந்த ரிப் ஐயும் சேர்ந்தால் பாதியிலேயே திகட்டிவிடும். சாய்ஸ் தரத்தில் முதுகுப் பகுதியிலிருந்து வரும் நியூயார்க் ஸ்ட்ரிப், அல்லது தோள்பட்டையிலிருந்து வரும் ஃபிளாட் அயர்ன், இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் எடுக்கிறேன். ஃபிளாட் அயர்ன் விலையும் குறைவு, மென்மையும் நன்றாக இருக்கும், நடுவில் ஓடும் கடினமான நாரை எடுத்துவிட்டு விற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். எந்தத் துண்டாக இருந்தாலும் தடிமன் முக்கியம். ஸ்ட்ரிப் என்றால் ஒன்றேகால் அங்குலம் வேண்டும், அரை அங்குலத் துண்டு வெளியே நிறம் ஏறுவதற்குள் உள்ளே முழுக்க வெந்து போகும்.

லேபிளையும் படிக்க வேண்டும். சில இடங்களில் கறியை மெல்லிய கத்திகளால் குத்தி மென்மையாக்கி விற்பார்கள். அப்படிச் செய்தால் மேற்பரப்பில் இருக்கும் கிருமிகள் உள்ளே போய்விட வாய்ப்பு உண்டு, அதனால் 2016 முதல் அமெரிக்காவில் இதை லேபிளில் எழுதியே ஆக வேண்டும், எவ்வளவு வேகவைக்க வேண்டும் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். நடுவில் சிவப்பாகச் சாப்பிடுகிறவர்கள் அந்தப் பாக்கெட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

உப்பு முந்தின நாள் இரவே போட்டுவிடுவேன். கம்பித் தட்டில் வைத்து மூடாமல் ஃபிரிட்ஜில் விட்டால் மேற்பரப்பு காய்ந்து தொட்டால் தோல்போல இருக்கும். முந்தின நாள் முடியவில்லை என்றால் வாட்டுவதற்குச் சற்று முன் உப்புப் போடுங்கள், நடுவில் பத்து இருபது நிமிடம் விட்டால் உப்பு இழுத்த தண்ணீர் மேலே முத்து முத்தாக நிற்கும், அது ஆகாது. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வருவதற்கு 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்த வினை இது, நம் வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்துக்குப் பின்னாலும் இதே வினைதான் இருக்கிறது.

வாட்ட நான் நெய்தான் பயன்படுத்துகிறேன். வெண்ணெய் சீக்கிரம் கருகும், அதிலுள்ள பால் திடப்பொருள் நீங்கிய நெய் அதைவிட எவ்வளவோ சூடு தாங்கும், மணமும் கறிக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது. சட்டி காய்ந்ததும் ஒரு கரண்டி நெய், கறியைப் போட்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புவேன். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும் என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிக்கடி திருப்பினால் உள்ளே சீராக வேகிறது, ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை குறைவாக இருக்கிறது, நேரமும் கொஞ்சம் மிச்சம்.

புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல அபார்ட்மென்ட்களில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே அனுப்பாது, வடிகட்டி வழியாக இழுத்து மறுபடி வீட்டுக்குள்ளேயே விடும். ஆகவே ஜன்னலை முன்னாடியே திறந்து வையுங்கள், சட்டியில் நெய் லேசாகப் புகைய ஆரம்பித்த நொடியே கறியைப் போட்டுத் தீயை ஒரு படி குறையுங்கள். சட்டி தேக்கி வைத்திருக்கும் சூடே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் இல்லாமல் இந்தச் சமையலைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். விரலால் அழுத்திப் பார்ப்பது துண்டுக்குத் துண்டு மாறும். முழுத் துண்டு மாட்டுக்கறிக்கு யுஎஸ்டிஏ சொல்வது 145 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு மூன்று நிமிடம் ஓய்வு. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், முதியவர்கள் சாப்பிடும் தட்டுக்கு நான் அதை அப்படியே பின்பற்றுகிறேன். எனக்கு மட்டும் 127 அல்லது 128இல் எடுத்துவிடுவேன், பலகையில் இருக்கும்போதே நான்கைந்து டிகிரி ஏறி நடுவில் இளஞ்சிவப்பாக நிற்கும். முனையைப் பக்கவாட்டில் செருகி நடுப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும், மேலிருந்து குத்தினால் முனை நடுவைத் தாண்டி அடிப்பக்கத்துச் சூட்டைக் காட்டும்.

அடுத்து சாஸ், எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கறி பலகையில் ஓய்வெடுக்கும் எட்டுப் பத்து நிமிடத்துக்குள் இது முடிந்துவிடும், அதனால்தான் மொத்தச் சமையலும் அரை மணியில் அடங்குகிறது. பாஸ்தாத் தண்ணீரை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னாடி அடுப்பில் ஏற்ற வேண்டும், லிட்டருக்கு 10 கிராம் உப்பு, அவ்வளவே. கறியை எடுக்கும் நேரத்தில் பாஸ்தா உள்ளே போக வேண்டும்.

சட்டியில் கொழுப்பு அதிகமாக இருந்தால் ஒரு கரண்டி மட்டும் விட்டு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், அது வதங்கியதும் பூண்டு. பூண்டை முதலில் போட்டால் அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். பிறகு உப்புக் குறைந்த பீஃப் ஸ்டாக் (மாட்டெலும்பு வேகவைத்த சாறு) அரை கப் விட்டு மரக்கரண்டியால் அடியைச் சுரண்ட வேண்டும், ஒட்டியிருந்த பழுப்பு எல்லாம் கரைந்து குழம்பு நிறம் வரும். ஸ்டாக் உப்புக் குறைவாக இருப்பது அவசியம், கறியின் உப்பும் சீஸின் உப்பும் வரப்போகிறது. இதை பாதியாக வற்றவிட்டு முக்கால் கப் ஹெவி கிரீம். ஹெவி கிரீம் என்றால் குறைந்தது 36 சதவீதம் கொழுப்பு, கொதித்தாலும் திரியாது. பாலும் கிரீமும் கலந்த ஹாஃப் அண்ட் ஹாஃப் 10.5 முதல் 18 சதவீதம்தான், இந்தச் சூட்டில் எளிதாகத் திரிந்துவிடும், கலோரி குறைக்க நினைத்தால் ஹெவி கிரீமையே அளவு குறைத்து விடுங்கள். நிறையக் கரகரப்பாகப் பொடித்த மிளகு, இருந்தால் ஒரு கைப்பிடி கீரை.

சீஸ் சேர்க்கும்போது வார்ப்பிரும்பின் குணத்தை நினைவில் வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் சட்டி வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும், அந்தச் சூட்டில் பார்மசானைக் கொட்டினால் கட்டிகட்டியாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பாஸ்தாவை இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்து, ஒரு கப் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு, சாஸைப் பாஸ்தாப் பானைக்குள் மாற்றிவிடுவேன். அங்கே மெல்லிய தீயில் பாஸ்தாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, அணைத்து, ஒரு நிமிடம் கழித்து, துருவிய பார்மசான் 50 கிராம். 225 கிராம் பாஸ்தாவுக்கு இந்த அளவு சரியாக வரும், மூன்று பேர் சாப்பிடலாம். துருவியே விற்கும் சீஸ் ஒட்டாமல் இருக்க செல்லுலோஸ் தூள் கலந்திருப்பார்கள், அது கிரீமில் வழவழப்பாகக் கரையாது. கட்டியாக வாங்கித் துருவுங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். பரிமாறும்போது சாஸ் வேண்டியதைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், தட்டுக்குப் போவதற்குள் இறுகிவிடும். பலகையில் கறியிலிருந்து வடிந்த சாற்றையும் இதிலேயே ஊற்றுங்கள்.

இதை இத்தாலியச் சாப்பாடு என்று சொல்வது சரியில்லை. ரோமில் உணவகம் நடத்திய ஆல்ஃபிரெடோ டி லெலியோ பரிமாறிய ஃபெட்டுச்சினியில் (நாடா வடிவப் பாஸ்தா) வெண்ணெயும் பார்மசானும்தான், கிரீம் பிறகு அமெரிக்காவில் சேர்ந்தது. மேலே ஸ்டேக்கை அடுக்குவதும் இந்த ஊர்ப் பழக்கமே. எனக்கு ஃபெட்டுச்சினியைவிட ரிகடோனி பிடிக்கும், குழாய்க்குள் சாஸ் புகுந்து நிற்கும், ஆறினாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. கறியை நாருக்குக் குறுக்காக அரை விரல் தடிமனில் வெட்டி மேலே வையுங்கள், கலந்துவிடாதீர்கள், சாஸின் சூட்டில் மேலும் வெந்து கடினமாகும்.

சாப்பிட்டு முடித்ததும் சட்டியைக் கழுவிவிடுங்கள். வெந்நீர், தேவையென்றால் கொஞ்சம் பாத்திர சோப். சோப்பே படக்கூடாது என்பது காரம் மிகுந்த பழைய சோப்புகளின் காலத்து எச்சரிக்கை, இப்போதைய திரவ சோப்பால் இறுகிய படலம் போகாது. ராத்திரி முழுக்க கிரீமோடு ஊறவிடுவதும் தக்காளி, ஒயின் போன்ற புளிப்பை நெடுநேரம் கொதிக்கவைப்பதும்தான் படலத்தைக் கெடுக்கும். கழுவியபின் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் முடிந்தது.

சென்னையில் இருக்கும் தங்கை இதே சமையலைக் கேட்டாள், அங்கே செய்வதற்கும் வழி இருக்கிறது. கறிக்கடையில் அண்டர்கட் என்று கேளுங்கள், அது டெண்டர்லாயின் என்ற மிருதுவான இடுப்புப் பகுதிக் கறிதான், ஒன்றரை அங்குல வட்டங்களாக வெட்டித் தரச் சொல்லலாம், கொழுப்புக் குறைவு என்பதால் நெய் கொஞ்சம் தாராளமாக வேண்டும். அங்கே கிடைக்கும் அமுல் ஃபிரெஷ் கிரீம் 25 சதவீதக் கொழுப்பு, அதைக் கொதிக்கவிடாமல் ஸ்டாக் நன்றாக வற்றிய பிறகு சிறு தீயில் கடைசியில் சேர்க்க வேண்டும். மிஞ்சிய பாஸ்தாவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் ஒரு கரண்டி பால் விட்டு மெதுவாகச் சூடாக்கச் சொன்னேன், வேகமாகச் சூடாக்கினால் நெய் தனியாகப் பிரிந்துவிடும். மிஞ்சிய கறியைச் சூடாக்கவே வேண்டாம், மெல்லிசாகச் சீவிக் குளிர்ச்சியாகவே மேலே போட்டுக்கொள்ளலாம்.