கடையில் போமட்டா, வீட்டிலேயே ஸ்கேனா?

கொம்பியூட்டரில் வைரஸ் என்றால் வன்னியில் முதலில் கிடைக்கும் அறிவுரை "போமட் அடியுங்கோ" என்பதுதான், அதாவது டிரைவை அழித்து வின்டோஸைப் புதிதாகப் போடுவது. ஒட்டுசுட்டானில் இருப்பவர் அதற்காகவே சிபியூவைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறுவார். என்னைக் கேட்டால் அது கடைசி வழி.

வின்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபென்டர் என்ற வைரஸ் காவலன் கூடவே வருகிறது. காசும் இல்லை, தனியாக இறக்கவும் வேண்டாம். அதில் பலரும் தொடாத ஒன்று ஒஃப்லைன் ஸ்கேன். சில நச்சு நிரல்கள் வின்டோஸ் ஓடும்போது தம்மை மறைத்துக்கொள்ளும். இந்த ஸ்கேன் மெஷினை ரீஸ்டார்ட் செய்து, வின்டோஸ் எழும்ப முன்னரே தேடுவதால் அவற்றுக்கு ஒளிக்க இடமில்லை. 15 நிமிடமளவில் முடிந்துவிடும். ஆனால் முதலில் டிபென்டரை அப்டேட் செய்யவேண்டும், திறந்திருக்கும் வேலைகளைச் சேமிக்கவேண்டும். கரண்ட் போய்வரும் நாள் என்றால் தள்ளிப்போடுங்கள்.

மால்வெயார்பைட்ஸ் என்ற வைரஸ் தேடும் சொப்ட்வெயாரின் இலவசப் பதிப்பு இரண்டாவது அபிப்பிராயத்துக்கு நல்லது. பிரவுசரின் முகப்பை மாற்றிவிடும், விளம்பரம் கொட்டும் சாமான்களை நன்றாகப் பிடிக்கும். 14 நாள் சோதனைக்காலம் முடிந்தால் நாமாக ஓடவிட்டால்தான் தேடும், காவல் நிற்காது. அதனால் டிபென்டருக்குப் பதிலாக இதை நம்பியிருக்க முடியாது. மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று எட்டிப் பார்ப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் இரண்டுக்கும் முதல் குரோமின் நோட்டிபிகேஷன் அனுமதிகளைப் பாருங்கள். ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ 'அலவ்' கொடுத்திருப்பீர்கள்.

வின்டோஸே எழும்பவில்லையா? காஸ்பர்ஸ்கி ரெஸ்கியூ டிஸ்க் போன்ற பூட் டிஸ்க் இருக்கிறது, வின்டோஸ் இல்லாமலே மெஷினை எழுப்பித் தேடுவது. அதைச் செய்ய சுத்தமான இன்னொரு மெஷின் வேண்டும்.

சரி, போமட். ஒழுங்காகச் செய்தால் இதைவிட உறுதியான வழி இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். லைசன்ஸ் இல்லாத வின்டோஸைப் போட்டு, அதை லைசன்ஸ் உள்ளதுபோல் காட்டும் ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டி, அந்த ஆக்டிவேட்டரைப் பிடிக்காமலிருக்க டிபென்டரையே மூடிவிடும் கடைகள் உண்டு. சில இடங்களில் சி டிரைவ் முழுவதையும் எக்ஸ்குளூஷனில், அதாவது டிபென்டர் தேடாமல் விடும் பட்டியலில், போட்டுவிடுவார்கள். வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு போனமாதிரி. மெஷினை வாங்கும்போதே, கடைக்காரருக்கு முன்னாலேயே, அந்த எக்ஸ்குளூஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. மெஷின் தாங்குமென்றால் 11 போடச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் அசைன்மென்ட் பிரின்ட் எடுக்க கொமினிகேஷனுக்குக் கொண்டுபோன பென் டிரைவில் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தால், அதற்குப் போமட் தேவையே இல்லை. பைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். ஷோர்ட்கட்டைக் கிளிக் பண்ணாமல் டிரைவை ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த பைல்களையும் சிஸ்டம் பைல்களையும் காட்டும்படி மாற்றினால் தெரியும்.

பைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வெயார் வேறு கதை. மேலே சொன்ன எதுவும் பூட்டிய படங்களைத் திறக்காது. கிராக் சொப்ட்வெயாரோடு பரவிய ஸ்டொப் டிஜேவியூ வகையில் சிலவற்றுக்கு எம்சிசொப்ட் நிறுவனம் இலவசத் திறப்பான் வெளியிட்டது. அதனால் பூட்டிய பைல்களை அழிக்காமல் ஒரு டிரைவில் போட்டுவையுங்கள்.

எந்த வழியில் போனாலும் களவுபோன பாஸ்வேர்ட் திரும்பி வராது. ஜிமெயில், வங்கிக் கணக்கு இரண்டையும் அன்றைக்கே மாற்றுங்கள், அந்த மெஷினில் இல்லை, போனில்.