பென் ஸ்பின்ஃபிஷர் 6, அளவு 6500: பினாங்குக் கரையில் இந்த ரீல் எடுபடுமா?

இந்த ரீல் நம் கடலுக்காகச் செய்ததல்ல. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் இலையுதிர்காலத்தில் கரையோரமாகவே தெற்கு நோக்கி இறங்கும். அதைப் பிடிக்க மொன்டாக் முனையில் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு, அலைக்கு நடுவில் இருக்கும் பாறைமேல் ஏறி நின்று வீசுவார்கள். வருகிற அலை ஆளையும் ரீலையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போகும். குளிர் முற்றிய காலைகளில் தூண்டில் கம்பின் வளையங்களில் பனி உறைந்து நூல் ஓடாது. பினாங்கின் பத்து பெரிங்கிக் கடற்கரையிலோ விடியற்காலையிலேயே சட்டை உடம்போடு ஒட்டும். அலையும் பெரும்பாலும் முழங்காலைத் தாண்டாது.

ஆனாலும் இங்கே இதை வாங்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. இங்கே ரீலைக் கெடுப்பது அலையல்ல. பொடி மணல், சேற்றுநீர்த் தெறிப்பு, காலை ஒன்பது மணிக்கே சுடும் வெயிலில் காய்ந்து படியும் உப்பு. மூடப்படாத ரீலில் இந்த உப்பு சுழல்தலையின் இடுக்கு வழியே உள்ளே இறங்கி கிரீஸோடு கலந்துவிடும். கொஞ்ச நாளில் கைப்பிடி கரகரவென்று சுற்றும். ஸ்பின்ஃபிஷரில் பல்சக்கரப் பெட்டிக்கும், மீன் இழுக்கும்போது நூலை அளவாக விடும் தடையான டிராக்கின் வாஷர்களுக்கும் ரப்பர் மூடல் உண்டு. குளிர்கடலுக்குச் செய்த மூடல் வெப்பக் கடலிலும் வேலை செய்கிறது.

இந்த மூடலுக்குச் சொல்லப்படும் ஐபிஎக்ஸ் 5 என்ற நீர்த்தடுப்புத் தரத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 6.3 மி.மீ. வாய் உள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். நீருக்குள் மூழ்கிக் கிடந்தால் தாங்கும் என்ற உறுதி அதில் இல்லை. கடல் ஏற்றத்தில் கம்பு சாய்ந்து ரீல் தண்ணீரில் கிடந்தால் வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

இந்த மூடலுக்கு நாம் கொடுக்கும் விலை இரண்டு. ஒன்று எடை: முக்கால் கிலோவை ஒட்டி வரும். மூன்றரை மீட்டர் லேசான கம்பில் மாட்டினால் அடிப்பக்கம் கனத்து, மணிக்கட்டு அரை மணியில் வலிக்கும். 4.2 மீட்டர், 100 முதல் 150 கிராம் ஈயம் வீசும் கம்புக்குத்தான் இது பொருத்தம். இன்னொன்று சுற்றும்போது தெரியும் இறுக்கம். கடையில் கைப்பிடியைத் தட்டிவிட்டு எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் இதைக் கீழே வைத்துவிடுவார்கள். ரப்பர் உரசுவதால் அப்படித்தான் இருக்கும், பழுதல்ல.

நூல் சுற்றுவதில்தான் முதல் கோட்டை விடுவது. ஸ்பூலில் பிரெய்டு என்ற பின்னல் நூல் வழுக்காமலிருக்க ரப்பர் பட்டை உண்டு. அதை நம்பாதவர்கள் பத்து மீட்டர் நைலானை அடியில் சுற்றிவிட்டு மேலே 30 பவுண்டு பிரெய்டு ஏற்றலாம். ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய நூல் வீசும்போது கொத்தாகக் கிளம்பி முதல் வளையத்தில் முடிச்சாகும். ஈயம் மட்டும் தனியே கடலுக்குப் போகும். விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள். வீசியதும் ஸ்பூலுக்கு முன்னால் நூலைப் பிடிக்கும் வளைகம்பியைக் கையால் மூடி, நூலை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றினால் வரும் முடிச்சுகளில் பாதி வராது.

அடுத்தது வீச்சின் அதிர்ச்சியைத் தாங்கும் தலைநூல். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு என்பது பழைய கணக்கு. 113 கிராம், அதாவது நான்கு அவுன்ஸ் என்றால் 40 பவுண்டு, கூட ஒரு 10 சேர்த்தால் நல்லது. நீளம் கம்பைப்போல் இரண்டு மடங்கு, அதன்மேல் ஸ்பூலில் ஐந்தாறு சுற்று. இதைக் குறைத்தால் வீசும் நொடியில் நூல் அறுந்து ஈயம் கரையில் நிற்பவர்மேல் பாயும். சனி ஞாயிறு தெலுக் பாஹாங்கில் குடும்பங்கள் குளிக்கும் இடத்தில் இது விளையாட்டல்ல.

டிராக்தான் இந்த ரீலின் பலம். கம்பெனி சொல்லும் உச்சம் 30 பவுண்டு. அவ்வளவு நமக்கு எதற்கு? 30 பவுண்டு நூலுக்கு 3 முதல் 4 கிலோ போதும். கம்பை வளைத்து, தொங்குதராசில் மாட்டி அளந்து வையுங்கள். வீசும்போது மட்டும் இறுக்கி, ஈயம் தரைதட்டியதும் தளர்த்த வேண்டும். திருக்கை சேற்றில் அப்பிக்கொண்டு கிடக்கும், திடீரென்று கிளம்பும். அப்போது கார்பன் வாஷர் விக்காமல் நூல் விடுகிறது. சியாக்காப் (கொடுவா மீன்) துள்ளித் தலையை உதறும்போதும் அப்படியே. ஆனால் கெலமா மீனும் கெளுத்தியும்தான் இலக்கென்றால், அந்தக் காசுக்கு இது வேண்டாம். 4000 அளவில் மலிவான ரீலே தாராளம். மிச்சக் காசில் உயிர் இறாலும் உம்புன்-உம்புன் புழுவும் பல வாரத்துக்கு வாங்கலாம்.

ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் போட்டால் போதும். இறக்கத்தில் கெர்தாக் சங்குல் பக்கம் சேற்றுக்குமேல் எவ்வளவு தூரம் வீசினாலும் ஆழம் கிடைக்காது. நூலில் சொறிமீன் இழை ஒட்டி வந்தால் வெறும் விரலால் வழிக்காதீர்கள். பெட்டியில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும்.

கழுவும்போது முதலில் டிராக்கை முழுக்க இறுக்குங்கள், பிறகு பூவாளி போல மெல்லத் தெளியுங்கள். ‘மூடிய ரீல்தானே’ என்று கார் கழுவும் பீச்சுக்குழாயைப் பிடித்தால் அந்த அழுத்தம் தரம் சொல்லும் அளவைத் தாண்டி உப்பை உள்ளே தள்ளும். நிழலில் காயவிட்டு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். நூல் ஓடும் உருளைக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். எந்த ரீலிலும் முதலில் சிக்குவது அந்த உருளைதான். அது சுழலாமல் நின்றால் பிரெய்டு ஒரே இடத்தில் அறுத்துப் பள்ளம் போடும்.

இந்த ஆறாம் தலைமுறை 2018இல் வந்தது. 2023இல் ஏழாவது வந்துவிட்டது. எனவே கடைக்காரரிடம் பழைய சரக்கு என்று சொல்லித் தாராளமாகப் பேரம் பேசலாம். வாங்குமுன் வளைகம்பியைப் பத்துத் தடவை திறந்து மூடி, உருளையை நகத்தால் சுழற்றி, கைப்பிடியைப் பின்னோக்கி அழுத்திப் பாருங்கள். பின்னால் நகர்ந்தால் வேறு பெட்டி கேளுங்கள்.