செடிக்குக் கீழே இருக்கும் தட்டு: வீட்டுக்குள் நாலு வருட அனுபவம்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டியிருக்கும் தங்கை மாப்பிள்ளை போன வாரம் ஒரு படம் அனுப்பினார். எட்டுச் செடி, 2,400 ரூபாய், மேலே ‘நாசா சொன்ன காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள்’ என்று போட்டிருந்தது. “மச்சான், அடுத்த மாசம் பால் காய்ச்சு. நீங்கதான் வீடு பூரா செடி வச்சிருக்கீங்களே, இதை வாங்கலாமா?” என்று கேட்டிருந்தார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு காளவாசல் பக்கம், பைபாஸ் சாலையை ஒட்டிய தெருவில். அம்மாவுக்கு இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. அவர் அறைக்காகத்தான் முதன்முதலில் செடி வாங்கினேன்: ஒரு அரேகா (ஓலை விரிக்கும் சின்னப் பனை வகை), மூன்று ஸ்நேக் பிளான்ட் (வாள் மாதிரி நிமிர்ந்த தடித்த இலை), ஒரு ஸ்பைடர் பிளான்ட் (புல் மாதிரி வளைந்த நீள இலை), பாட்டில் தண்ணீரில் போட்ட மணி பிளான்ட்.

அரேகாவை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் அங்கேதான் இருக்கிறது. செடி பாவம். அதற்குக் கீழே வைக்கும் பிளாஸ்டிக் தட்டைத்தான் நான் நாலு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அரேகா தண்ணீர் கேட்கும். சித்திரை வெயிலில் வீட்டுக்குள் இருந்தாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றினால் தட்டில் தேங்குகிறது. தட்டை எடுத்துவிட்டால் டைல்ஸ் முழுக்கச் செம்மண் கறை.

முதல் மழைக்காலத்தில் அம்மாவைப் பகலிலேயே கொசு கடித்தது. காலில் வெள்ளை வரி போட்ட கொசு. சாக்கடையிலிருந்து வருகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினோம். ராத்திரி மட்டும் ஏற்றிய கொசுவர்த்தியைப் பகலிலும் ஏற்றினோம். டெங்கு ஒழிப்புக்காக வீடு வீடாக வந்த மாநகராட்சி அக்கா ஒருவர்தான் டார்ச் அடித்துத் தட்டைக் காட்டினார். புழு நெளிந்துகொண்டிருந்தது. மணி பிளான்ட் பாட்டிலிலும் அதே கதை.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5 நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சீன, மலேசியச் சுருள்களை எரித்து அளந்த கணக்கு அது. நுரையீரலின் அடி வரை போகிற துகள். காற்றைச் சுத்தம் பண்ண என்று செடி வாங்கி, அதன் தட்டில் கொசு வளர்த்து, அந்தக் கொசுவை விரட்ட இளைப்புக்காரியின் கட்டில் பக்கத்தில் புகை மூட்டியிருக்கிறேன்.

தண்ணீரைக் கொட்டினால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். இந்த ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் பக்கத்தில் முட்டையை ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேங்காய் நார் போட்டு அந்தத் தட்டை அழுத்தித் தேய்க்கிறேன். குலசாமி கும்பிட ஊருக்குப் போனால்கூடத் தட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

இவ்வளவுக்கும் காற்றுக்கு என்ன கிடைத்தது? நாசா ஆய்வு உண்மைதான், 1989-இல் வந்தது. மூடி அடைத்த சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்து, பெயின்ட், பிளைவுட் மாதிரிப் பொருள்களிலிருந்து வரும் பென்சீன், ஃபார்மால்டிஹைடு மாதிரியான ஆவிகள் குறைகின்றனவா என்று பார்த்தார்கள். குறைந்தது. ஆனால் நம் வீடு அடைத்த பெட்டி இல்லை. பைபாஸ் தூசிக்கும் தாளிக்கிற புகைக்கும் அந்தச் சோதனையில் இடமே இல்லை. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் இதுமாதிரியான 196 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாகக் காற்று உள்ளே வந்து வெளியே போவதாலேயே எவ்வளவு சுத்தமாகுமோ, அதைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும். அம்மாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. குறைந்த கணக்கிலேயே 110 செடி. கட்டில் எங்கே போடுவது?

‘ராத்திரியில் ஆக்ஸிஜன் விடும்’ என்று ஸ்நேக் பிளான்டை விற்கிறார்கள். அது ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்துவைக்கிறது, அவ்வளவுதான். ஆக்ஸிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும்.

ஆனால் செடியாகப் பார்த்தால் ஸ்நேக் பிளான்டை எவ்வளவு சொன்னாலும் தகும். உசிலம்பட்டிப் பக்கம் அப்பத்தா வீட்டு வேலியோரம் மருள் நிற்கும், அதன் நாரை உரித்துக் கயிறு திரிப்பார். அதற்கு ஆப்பிரிக்கப் பங்காளி இது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். மானாமதுரை மண் தொட்டியில், அடியில் சரளை போட்டு வைத்திருக்கிறேன். தட்டே இல்லை. போர் தண்ணீரின் உப்பில் அரேகாவும் ஸ்பைடரும் நுனி கருகி நின்றபோது இது அசையவில்லை. சாலைத் தூசி படிந்தால் ஈரத்துணியால் இலைக்கு இரண்டு இழுப்பு போதும். அரேகாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மூன்று செடி இன்று பதினொன்று.

அம்மாவுக்கு எது உதவியது என்று கேட்டால், கொசுவர்த்தியை நிறுத்தியது, ஜன்னல்களுக்கு நைலான் வலை அடித்தது, அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டது. ராத்திரியில் எழுந்து உட்காருவது அதற்கப்புறம்தான் குறைந்தது.

அதனால் மாப்பிள்ளை, அந்த எட்டுச் செடி செட் வேண்டாம். அதில் டிஃபன்பாக்கியா இருக்கிறது, மணி பிளான்ட் இருக்கிறது. பாப்பா இப்போதுதான் நடக்கிறாள், இலையைக் கடித்தால் வாயெல்லாம் எரிந்து வீங்கும். புது பெயின்டும் பிளைவுட் அலமாரியும் வாடை அடிக்கிற வரை ஜன்னலைத் திறந்தே போடுங்கள். 2,400 ரூபாயை வலைக்கும் ஃபேனுக்கும் வையுங்கள். காற்றுக்காக என்றால் நான் இவ்வளவு புகழ்ந்த ஸ்நேக் பிளான்டைக்கூட வாங்காதீர்கள்.

அரேகாவை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். காலை வெயிலில் அதன் ஓலை நிழல் சுவரில் ஆடும். அம்மா காபி டம்ளரோடு உட்காருகிற இடம் அது. “அது பாட்டுக்கு நிக்கட்டும்டா” என்கிறார். நிற்கிறது. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டது, ஞாயிறு வந்தால் தட்டு தேய்க்கிறேன்.

பால் காய்ச்சுக்கு இரண்டு ஸ்நேக் பிளான்ட் கன்று கொண்டுவருகிறேன். தொட்டியும் நானே தருகிறேன். தட்டு தர மாட்டேன்.