வண்டி இடதுபக்கமே இழுக்கிறதா? வில்சன் கார்டன் ஷெட் ஒன்றைப் பற்றி

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலரை. பெங்களூரு வில்சன் கார்டனில் உள்தெரு ஒன்றில், ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கிற சின்ன ஷெட். பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று அதை நடத்துகிற அண்ணாவே கேட்டுக்கொண்டார், இப்போதே வருகிறவர்களை அடுத்த வாரம் வாங்க என்று திருப்பி அனுப்புகிற நிலைமை, இதில் நீங்க வேற எழுதி ஆளை அனுப்பாதீங்க சார் என்றார். சரி, கடை எதுவென்று தெரியாவிட்டாலும் அங்கே வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால் உங்கள் ஏரியாவில் யாரிடம் போகலாம், யாரிடம் போகக்கூடாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் செடான், 18 இஞ்ச் வீல், பின்சக்கர டிரைவ். பிராண்ட் எதற்கு, கடைசியில் பார்த்தால் பெரிய குறை வண்டியில் இல்லை. அல்சூரிலிருந்து ஆபீஸ் போய் வரும்போது ஒன்றும் தெரியாது, இந்த ஊர் டிராஃபிக்கில் வண்டி நேராகப் போகிறதா கோணலாகப் போகிறதா என்று பார்க்க முதலில் அது போக வேண்டுமே. சேலம் கிளம்பினால்தான் தெரியும். அத்திப்பள்ளி தாண்டி நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் ஸ்டீயரிங்கை எந்நேரமும் வலப்பக்கமாகக் கொஞ்சம் பிடித்தே வைத்திருக்க வேண்டும், பிடியைத் தளர்த்தினால் வண்டி தானாகப் பக்கத்து லேனுக்குப் போய்விடும். கிருஷ்ணகிரி வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியில் ஏறி, இறங்கும்போது தைலம் தேடுவது என்ன கொடுமை சொல்லுங்கள்.

அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டருக்குத்தான் முதலில் போனேன், எது என்று சொல்லப்போவதில்லை. ஏ.சி. அறை, காபி, கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் வெள்ளை டைல்ஸ் போட்ட பே, எல்லாம் பிரமாதம். அட்வைசர் வண்டியில் ஏறி உட்காரவே இல்லை. 'புல்லிங்' என்று ஜாப் கார்டில் ஒரு வார்த்தை எழுதி நேரே சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கிற அலைன்மென்ட் மெஷினுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் கையில் ஒரு பிரின்ட் அவுட், எல்லாக் கட்டமும் பச்சை. வெளியே எடுத்தால் பழையபடி இடதுபக்கம். திரும்பிப் போய்க் கேட்டால், ரோடே அப்படித்தான் சார் சாய்ந்திருக்கிறது என்றார். அடுத்த முறை கேட்டபோது முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கிற கை) இரண்டையும் மாற்ற வேண்டும் என்று லட்சத்தைத் தொடுகிற எஸ்டிமேட். ஏன் மாற்ற வேண்டும், எது தேய்ந்திருக்கிறது, லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள் என்றால், மாற்றிப் பார்ப்போம் சார் என்ற பதில்தான் வந்தது.

ரோடு சாய்ந்திருக்கிறது என்பது பொய் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் ஓரத்துக்கு வடிய வேண்டும் என்பதற்காகத்தான் ரோட்டையே சாய்த்துப் போடுகிறார்கள், மழை அதிகமுள்ள இடங்களில் தார் ரோட்டுக்கு 2.5 சதவீதம் வரை சரிவு என்பது இந்திய ரோட்டு விதிகளில் இருக்கிறது. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம், அதனால் எந்த வண்டியும் கையை விட்டால் மெல்ல இடதுபக்கம் நகரத்தான் செய்யும். ஆனால் மெல்ல நகர்வது வேறு, கையைப் பிடித்து இழுப்பது வேறு. எது எது என்று ஓட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

வில்சன் கார்டன் அண்ணாவிடம் போன் செய்தபோது அவர் விலை சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். சும்மா போகும்போது இழுக்குதா, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா? ஆக்சிலரேட்டர் கொடுத்தா மாறுதா? வண்டி நேராப் போகும்போது ஸ்டீயரிங் நேரா நிக்குதா? கடைசியா டயர் எப்ப மாத்தினீங்க? இந்த நாலு கேள்விக்காகவே நாலு மார்க் கொடுத்திருப்பேன். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் அது காலிப்பர் (பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற பாகம்), பிரேக் ஹோஸ், ஆர்ம் புஷ் (ஆர்ம் இணைப்பில் இருக்கிற ரப்பர்) பக்கம் போகிற கதை. ஸ்டீயரிங் கோணலாக இருந்தும் வண்டி நேராகப் போனால் அது பெரும்பாலும் டோ செட்டிங், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு. கையை விட்டால் வண்டியே திரும்புகிறது என்றால் வேறு. மூன்றுக்கும் 'அலைன்மென்ட்' என்று ஒரே பில் போடுகிற கடைகள்தான் ஊர் முழுக்க.

காலை ஆறரைக்கு வரச் சொன்னார், பிறகு வந்தால் ரோடு கிடைக்காது என்று. முதலில் நாலு டயரிலும் காற்று, அதுவும் ஓட்டுவதற்கு முன், டயர் சூடாகாதபோது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்து முன்பக்கம் ஒரு அளவு பின்பக்கம் ஒரு அளவு என்று வைத்தார். காற்று எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும், இவ்வளவு சின்ன விஷயத்தில்கூட பாதிப் பேர் கோட்டை விடுகிறார்களாம். அப்புறம் லேன் அசிஸ்டை ஆஃப் செய்யச் சொன்னார். இந்த வசதி உள்ள வண்டிகளில் கோட்டைப் பார்த்து வண்டியே ஸ்டீயரிங்கைத் திருப்பும், அதை ஆனில் வைத்துக்கொண்டு இழுக்கிறதா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஓட்டிப் பார்க்க அவர் போன இடம் ரெசிடென்சி ரோடு, எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். ஒன்வே, காலையில் காலி, நாங்கள் போன பகுதியில் நடுவில் லேசான மேடு. ஒன்வே என்பதால் மேட்டுக்கு இந்தப் பக்கமும் போகலாம் அந்தப் பக்கமும் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ரோட்டுச் சாய்வுதான் காரணம் என்றால் இடது பாதியில் இடதுபக்கமும் வலது பாதியில் வலதுபக்கமும் போக வேண்டும். என் வண்டி வலது பாதியிலும் இடதுபக்கம்தான் போனது. "ரோடு இல்ல சார், வண்டிதான்" என்று சொல்லிவிட்டுத் திருப்பினார்.

ஷெட்டுக்கு வந்ததும் நாலு வீலுக்கும் தெர்மாமீட்டர் கன் பிடித்தார். ஒரு வீல் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருந்தது. அதன்பிறகு அவர் செய்த வேலைக்கு எந்த மெஷினும் வேண்டாம், ஒரு ஜாக்கும் ஸ்பேனரும் போதும்: முன்பக்க வீல் இரண்டையும் கழற்றி இடது வீலை வலதுபக்கமும் வலது வீலை இடதுபக்கமும் மாட்டினார். திரும்ப ஒரு ரவுண்டு போனால், வண்டி வலதுபக்கம் இழுக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லட்ச ரூபாய் லோயர் ஆர்ம் எஸ்டிமேட் பையில் இருக்கிறது, குறை டயரோடு சேர்ந்து இடம் மாறுகிறது.

விஷயம் இதுதான். டயர் தயாராகும்போது உள்ளே இருக்கிற ஸ்டீல் பெல்ட் மையத்திலிருந்து கொஞ்சம் விலகினால், டயர் ஒரு ஓரத்தில் சற்றுப் பெரிதாகவும் மறு ஓரத்தில் சற்றுச் சிறிதாகவும் நடந்துகொள்ளும். எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்க வைத்து உருட்டினால் நேராகப் போகாமல் குறுகிய பக்கமாக வளைந்து போகுமே, அதே கதை. கண்ணால் பார்த்தால் தெரியாது, சாதாரண பேலன்சிங்கிலும் தெரியாது, பேலன்சிங் பார்ப்பது எடையை மட்டும்தான். சுற்றும் டயர் மேல் ரோலரை அழுத்தி, பக்கவாட்டு விசையையும் அளக்கிற ரோடு ஃபோர்ஸ் மெஷின் இருந்தால் சிக்கும். இல்லாவிட்டால் இப்படி இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. இன்னொன்று, ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயரை இப்படிச் சும்மா பக்கம் மாற்றி ஓட்டக்கூடாது, சோதனைக்கு மெதுவாக ஒரு ரவுண்டு போகலாம், அவ்வளவுதான். என் டயரில் அம்பு இல்லை, 'வெளிப்பக்கம்' என்று மட்டும் போட்டிருந்தது, அதனால் பிரச்சினை இல்லை.

பின்பக்க வீல் ஒன்றோடு மாற்றி மாற்றி மாட்டி, குற்றவாளி இடது முன் டயர்தான் என்று பிடித்தார். அது பின்னால் போனதும் இழுப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது, ஏனென்றால் பின்வீல் ஸ்டீயரிங்கோடு சேர்ந்தது இல்லை. எல்லா வண்டியிலும் இப்படி முடியாது, சொகுசு வண்டிகளில் பாதிக்கு முன்னால் ஒரு சைஸ் பின்னால் ஒரு சைஸ் டயர், அவர்களுக்கு வேறு வழியில்லை, புது டயர்தான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் மெஷினில் ஏற்றினார். சர்வீஸ் சென்டர் கொடுத்த பச்சைக் காகிதத்தை நீட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார். பச்சை என்றால் அந்தச் சக்கரம் கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு முன்சக்கரத்தின் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கிற அளவு) எல்லையின் ஒரு ஓரத்திலும் மற்றதன் கேம்பர் எதிர் ஓரத்திலும் இருந்தால் இரண்டும் பச்சைதான், ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் வண்டியை இழுக்கும். காஸ்டரும் (சக்கரம் திரும்புகிற அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கிற கோணம்) அப்படியே, எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். அதனால் கலரைப் பார்க்காதீர்கள், இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். என் வண்டியில் கேம்பர் வித்தியாசம் கொஞ்சம் இருந்தது, அந்த மிச்சச் சொச்ச இழுப்பு அதனால்தான்.

ஷெட்டின் மூலையில் பெயின்டில் எடை எழுதிய மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பழைய பி.எம்.டபிள்யூ.க்களுக்கு முன் சீட் இரண்டிலும் 68 கிலோ, பின் சீட் நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, டேங்க் ஃபுல் என்று வைத்துத்தான் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பது கம்பெனி முறை, ஆள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு இறங்குமோ அந்த உயரத்தில் அளப்பதற்காக. புது மாடல்களில் வண்டி நிற்கிற உயரத்தை அளந்து கணக்குப் போடுகிறார்கள். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) வண்டி என்றால் சரியான உயரத்தில் நிறுத்தாமல் எடுக்கிற அளவு எதற்கும் உதவாது. பின்சக்கரங்களை முதலில் சரி செய்து, அப்புறம் முன்சக்கரம், கடைசியில் ஸ்கேனர் மாட்டி ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ரீசெட் செய்தார். சாதாரண டயர் கடைகள் பல இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை, சில வண்டிகளில் வெளியே வந்ததும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

லோயர் ஆர்ம் என்ன ஆச்சு என்றுதானே கேட்கிறீர்கள். லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பக்கத்து புஷ்ஷுக்குள் இருக்கிற எண்ணெய் லேசாகக் கசிந்து தூசி ஒட்டியிருந்தது, ரப்பர் இன்னும் கிழியவில்லை, கம்பியை வைத்து நெம்பினால் ஆட்டமும் இல்லை. இப்ப மாத்தாதீங்க, அடுத்த சர்வீஸ்ல பார்க்கலாம், அப்பவும் புஷ்ஷ மட்டும் மாத்தினா போதும் என்றார். நினைத்திருந்தால் அன்றே ஒரு பெரிய பில் போட்டிருக்கலாம்.

அரை மார்க் ஏன் குறைத்தேன்? மத்தியானம் தருகிறேன் என்ற வண்டி இருட்டிய பிறகுதான் கிடைத்தது. உட்கார ஒரு பிளாஸ்டிக் சேர், அதிலும் பாதி நேரம் யாராவது பார்ட்ஸ் டப்பாவை வைத்துவிடுகிறார்கள். பார்க்கிங் கிடையாது, தெருவில் நிறுத்திவிட்டு எதிர்வீட்டுக்காரரிடம் திட்டு வாங்க வேண்டும். பில் கையால் எழுதியதுதான் முதலில் வந்தது, ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கினேன். எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது, அதில் அலைன்மென்டுக்கு மட்டும் மூவாயிரத்துச் சொச்சம். தெருமுனை டயர் கடையோடு ஒப்பிட்டால் அதிகம்தான்.

அந்த டயரை எனக்கு விற்ற கடையில் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை, வண்டியில்தான் குறை என்றார்கள். வலது இடது மாற்றிப் பார்த்ததை ஷெட்காரர் பில்லிலேயே எழுதிக் கொடுத்திருந்தார், அதைக் காட்டியதும் கம்பெனி ஆளைக் கூப்பிட்டார்கள். டயரைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பார்த்து, தயாரிப்புக் குறை என்று ஒப்புக்கொண்டு, தேய்ந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் புது டயர் விலையில் குறைத்தார்கள். நீங்களும் கிளெய்ம் போடுவதாக இருந்தால் டயர் வாங்கிய பில்லைத் தொலைக்காதீர்கள், அது இல்லாமல் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.